கைராசி

ஒரு வைத்தியரைப் புகழ வேண்டுமானால் நம்மவர் அவர் படித்த படிப்பைச் சொல்வதில்லை. "நல்ல கைராசிக்காரர்" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். அந்தக் கையே வியாதியைக் கொண்டுவருகிறது என்று 1847-ஆம் வருஷம் வியன்னா நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் ஒருவர் சொன்னபோது, அதைக் கேட்கச் சகியாதவர்கள் வைத்தியர்களாகவே இருந்தார்கள்.

இக்னாஸ் செம்மல்வைஸ் என்னும் அந்த ஹங்கேரிய டாக்டர் உத்தியோகம் பார்த்த பிரசவசாலையில், மாணவர்கள் பயின்ற முதற் பிரிவில் நூற்றுக்கு ஏறக்குறைய 10 தாய்மார்கள் மாண்டார்கள். மருத்துவச்சிகள் பயின்ற இரண்டாம் பிரிவிலோ 4 பேர்தான். ஊரறிந்த இந்த இரகசியத்தால், முதற் பிரிவின் முறைநாளில் வந்து சேர்ந்த ஏழைப் பெண்கள் மண்டியிட்டு அழுதார்கள். வழியில், தெருவிலேயே பெற்றுவிட்டு வந்தவள்கூடப் பெரும்பாலும் பிழைத்துக்கொண்டாள். காற்றின் தோஷம் என்றார்கள் பெரியோர்கள். பக்கத்துப் பக்கத்து அறைகளுக்குக் காற்று இரண்டு விதமாகவா வீசும்? அவஸ்தைப் பூசுதலுக்குச் செல்லும் பாதிரியாரின் மணியோசை கேட்ட பீதியோ என்று சந்தேகித்து, அவரை வேறு வழியாகப் போகச் சொல்லியும் பார்த்தார் செம்மல்வைஸ், பயனில்லை.

அவ்வருஷம் மார்ச்சில், பிரேத பரிசோதனையின்போது மாணவன் ஒருவனுடைய கத்தி விரலில் பட்டு அவருடைய நண்பர் கோலெட்ச்கா இறந்தார். பிரசவ ஜன்னியில் மாண்ட பெண்களின் உடலில் கண்ட அதே குறிகள் அவருடைய உடலிலும் இருந்தன. காலையில் பிரேதங்களை அறுத்து, சோப்புப் போட்டும் நாற்றம் நீங்காத விரல்களோடு மாணவர்கள் பிரசவ அறைக்கு வருவதும், மருத்துவச்சிகள் பிரேதத்தைத் தொடாததும் அப்போதுதான் அவர் மனத்தில் ஒன்றுசேர்ந்தன. மே மாதத்தில் குளோரின் கலந்த நீரை வாயிலில் வைத்து, அதில் கையலம்பாதவர் உள்ளே வரலாகாதென்று கட்டளையிட்டார். ஏப்ரலில் நூற்றுக்கு 18 ஆக இருந்த சாவு, ஜூனில் 2 அளவுக்கு இறங்கிற்று.

பிரேதம் மட்டுமே குற்றவாளியன்று என்பது அக்டோபரில் தெரிந்தது. கர்ப்பப்பையில் புற்று வைத்துச் சீழ் வடிந்த ஒருத்தியைச் சோதித்த கைகள் அப்படியே அடுத்த கட்டில்களுக்குச் செல்ல, 12 பேரில் 11 பேர் இறந்தனர். ஒவ்வொரு நோயாளியைத் தொட்ட பிறகும் கையலம்ப வேண்டும் என்ற விதி அதனால் பிறந்தது. இன்று ஆஸ்பத்திரிக் கட்டிலருகே தொங்கும் கைசுத்தி மருந்துக் குப்பி அந்த விதியின் சந்ததிதான்.

அவரிடமும் குறையுண்டு. 1861 வரை நூலெழுதாமல் காலந்தாழ்த்திவிட்டு, பிறகு மறுத்தவர்களைக் கொலைகாரர்கள் என்றே ஏசினார். ஆனால் தம்மை அந்த வரிசையிலிருந்து அவர் விலக்கிக்கொள்ளவில்லை: தம்மளவு பிரேதங்களை அறுத்த பிரசவ வைத்தியர்கள் வெகு சிலரே என்றும், தம் கையால் அகாலத்தில் மடிந்த பெண்களின் தொகை தெய்வத்துக்கே வெளிச்சம் என்றும் அந்நூலிலேயே எழுதி வைத்தார்.