பத்தாம் வகுப்போடு நின்றுவிடும் சோறு

திருத்தணி வட்டாரத்தின் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி மாணவர்களின் உடல்நலத்தையும் சமூக நிலையையும் நகரம், கிராமம் என்று இரண்டாகப் பகுத்து ஆராய முற்படுபவர் முதலில் எதிர்கொள்ளும் இடர்ப்பாடு, அந்தப் பிரிவுக்கோட்டை எங்கே இடுவது என்பதுதான். மலைக்கோயிலைச் சுற்றி வளர்ந்த திருத்தணி ஒரு நகராட்சி. பள்ளிப்பட்டும் பொதட்டூர்ப்பேட்டையும் பேரூராட்சிகள் என்பதால் ஏட்டளவில் நகர்ப்புறமே ஆயினும், அங்குள்ள வாழ்க்கை வயலையும் விசைத்தறியையும் சார்ந்து நடப்பது. நாடு முழுவதும் பள்ளிகளைப் பற்றித் திரட்டப்படும் அரசுத் தகவல் தொகுப்பு, பள்ளி அமைந்துள்ள இடத்தைக் கொண்டே அதனை நகர்ப்புறப் பள்ளி என்றோ ஊரகப் பள்ளி என்றோ குறிக்கிறது. ஆகவே, ஆந்திர எல்லையோரக் கிராமம் ஒன்றிலிருந்து விடியற்காலையில் புறப்பட்டுப் பேருந்தில் திருத்தணிக்கு வந்து படிக்கும் மாணவி, கோயில் தெருவிலிருந்து நடந்து வரும் மாணவியோடு சேர்த்து நகர்ப்புறக் கணக்கிலேயே எழுதப்படுகிறாள். இருவருக்கும் ஒரே வகுப்பு, ஒரே பாடநூல், ஒரே தேர்வு, உடல்நிலையோ ஒன்றல்ல. அந்த வேறுபாட்டை நிர்ணயிப்பது ஊரின் பெயரைவிட, வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையிலான தொலைவும் அந்தத் தொலைவு விழுங்கிவிடும் காலை உணவுமே ஆகும்.

வளரிளம் பருவம், அதாவது 10 வயது முதல் 19 வயது வரையிலான காலம், உடல் மிக வேகமாக வளரும் பருவங்களுள் ஒன்று. புதிய தசைக்கும் பெருகும் குருதிக்கும் இரும்புச்சத்து தேவைப்படுவதோடு, மாதவிடாய் தொடங்கிய பெண்களுக்கு இழந்த குருதியை ஈடுசெய்யவும் அது வேண்டியிருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, 13 முதல் 15 வயதுப் பெண்ணுக்கு நாள்தோறும் 30 மில்லிகிராம் இரும்புச்சத்தும், 16 முதல் 18 வயதுப் பெண்ணுக்கு 32 மில்லிகிராமும் தேவை. வளர்ந்த பெண்ணுக்குரிய அளவு 29 மில்லிகிராம்தான். அதாவது, ஒரு பெண்ணுக்கு வாழ்நாளிலேயே மிகுதியான இரும்புச்சத்து வேண்டியிருப்பது அவள் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகளில் படிக்கும் ஆண்டுகளில்தான்.

அந்த ஆண்டுகளில்தான் பள்ளி அவளுக்குச் சோறிடுவதை நிறுத்திவிடுகிறது. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். அரசு கிராமப்புறங்களில் தொடங்கிய சத்துணவுத் திட்டம், அதே ஆண்டு செப்டம்பரில் நகரங்களுக்கும், 1984இல் 15 வயது வரையிலான மாணவர்களுக்கும் விரிந்தது. அந்த வயது வரம்பே பத்தாம் வகுப்பு என்ற எல்லையாக நிலைத்தது. 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் முதல் ஐந்து வகுப்புகளுக்கென்றே வகுக்கப்பட்டது. தமிழ்நாட்டின் இவ்விரு திட்டங்களும் பெருமைக்குரியவை என்பதில் ஐயமில்லை. ஆனால், பசியோடு தொலைவிலிருந்து வரும் மேல்நிலை மாணவர்களை இரண்டுமே எட்டவில்லை. நகருக்குள் வாழும் மாணவர் காலையில் வீட்டில் உண்டுவிட்டு வரலாம், மறந்துவிட்டு வந்த மதிய உணவைக்கூட வீட்டார் கொண்டுவந்து தரலாம்; முதல் பேருந்தைத் தவறவிட்டால் அன்றைய வகுப்பையே இழக்கும் கிராமத்து மாணவருக்கு அந்த வாய்ப்பு இல்லை.

சோற்றின் இடத்தை மாத்திரையால் நிரப்பிவிட முடியாது. வாரந்தோறும் பள்ளிகளில் வழங்கப்படும் இரும்புச்சத்து மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ளன. அதை வெறும் வயிற்றில் விழுங்கினால் குமட்டலும் வயிற்றுவலியும் உண்டாகலாம் என்பதாலேயே உணவுக்குப் பின் உட்கொள்ளுமாறு அறிவுறுத்தப்படுகிறது. பள்ளியிலேயே உண்ணும் ஒன்பதாம் வகுப்பு மாணவிக்கு இது எளிது. காலையிலிருந்து ஒன்றும் உண்ணாத பன்னிரண்டாம் வகுப்பு மாணவி, ஒருமுறை குமட்டலை அனுபவித்த பின் அடுத்த வாரம் அந்த மாத்திரையைத் தவிர்த்துவிட்டால் அவளைக் குறைகூற இயலாது. கீரையும் பருப்பும் தரும் இரும்பை உடல் ஏற்க எலுமிச்சை, நெல்லி போன்றவற்றின் புளிப்புச்சத்து துணைசெய்கிறது; உணவோடு சேர்த்து அருந்தும் தேநீர் தடைசெய்கிறது. காலை உணவாகத் தேநீரும் பிஸ்கட்டும் மட்டுமே கிடைக்கும் வீடுகளில் இச்செய்தி போய்ச் சேர வேண்டும்.

குருதியில் ஹீமோகுளோபின், அதாவது உயிர்வளியைச் சுமந்து செல்லும் சிவப்புப் புரதம், பெண்களுக்கு டெசிலிட்டருக்கு 12 கிராமுக்குக் கீழே இறங்கினால் அது குருதிச்சோகை எனப்படுகிறது. 2016 முதல் 2018 வரை நடைபெற்ற தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பு, இந்தியாவின் வளரிளம் பெண்களில் 40 விழுக்காட்டினருக்கும் ஆண்களில் 18 விழுக்காட்டினருக்கும் இக்குறை இருப்பதைக் கண்டது. சோர்வும் கவனக்குறைவும் இதன் அறிகுறிகள் என்பதால், வகுப்பறையில் இது சோம்பலாகவும் மந்த புத்தியாகவும் தவறாகப் படிக்கப்படுகிறது.

நகரத்து மாணவர்கள் குறையற்றவர்கள் என்று இதற்குப் பொருளல்ல. எண்ணெயில் பொரித்த தின்பண்டங்கள், மாலை முழுவதும் டியூஷன், மிச்ச நேரத்துக்குக் கைபேசி என்ற ஒழுங்கில் உடற்பருமனும் கிட்டப்பார்வையும் வளர்கின்றன. நாளொன்றுக்கு 60 நிமிடம் உடலியக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 365 படிகள் கொண்ட மலை ஊர் நடுவே நிற்க, அந்த ஒரு மணி நேரத்தைப் பாடவேளையிலிருந்து விளையாட்டு ஆசிரியர்கள் கெஞ்சிப் பெற வேண்டியிருப்பது வருந்தத்தக்கது. 1990 முதல் 2020 வரை 200 நாடுகளின் சிறார் உயரத்தையும் எடையையும் ஒப்பிட்டு 2023இல் வெளியான ஓர் ஆய்வு, நகரத்துப் பிள்ளைகளுக்கு உயரத்தில் இருந்த முன்னிலை பெரும்பாலான நாடுகளில் குறைந்து வருவதைக் காட்டியது. கிராமத்தில் பிறந்த காரணத்தால் குட்டையாகத்தான் வளர வேண்டும் என்ற விதி எதுவும் இல்லை.

சமூக வேறுபாடுகளில் இந்த எல்லைப்புறத்துக்கே உரியவை இரண்டு. அம்மையார்குப்பம், பொதட்டூர்ப்பேட்டை போன்ற ஊர்களில் தறி வீட்டுக்குள்ளேயே ஓடுவதால், படிக்கும் பிள்ளைக்கு அமைதியான மூலை கிடைப்பதில்லை. இடைவிடாத இரைச்சல் செவியையும் உறக்கத்தையும் ஒருங்கே கெடுக்கிறது. மற்றொன்று மொழி. 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த இவ்வட்டாரத்தில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் பல. 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயப் பாடமாகிய பின், நகரத்துப் பிள்ளை தெருவிலேயே கற்றுக்கொண்ட தமிழை, தெலுங்கு மட்டுமே ஒலிக்கும் சிற்றூர்ப் பிள்ளை வகுப்பறையில்தான் கற்க நேர்கிறது. அந்தப் பிள்ளைக்குக் கூடுதல் நேரமும் பொறுமையான ஆசிரியரும் வேண்டும்.

பெண்களுக்குத் தொலைவு இன்னொரு வகையிலும் சுமையாகிறது. தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி (2019-21), 20 முதல் 24 வயது வரையுள்ள தமிழ்நாட்டுப் பெண்களில் 12.8 விழுக்காட்டினர் 18 வயதுக்கு முன்பே மணமுடிக்கப்பட்டவர்கள். மேல்நிலைப் பள்ளி தொலைவில் இருப்பதும் மாலைப் பேருந்து தாமதமாவதும் பெற்றோரின் அச்சத்தை வளர்த்து, படிப்பை நிறுத்தக் காரணமாகின்றன. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குச் செல்லும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் நல்ல திட்டம். ஆயினும் அது படிப்பைத் தொடர்ந்து உயர்கல்வியில் சேர்ந்தவர்களுக்கே பயன்படும்.

எனவே அரசின் முன் வைக்க வேண்டிய கோரிக்கைகள் தெளிவானவை. சத்துணவுக் கூடம் ஏற்கெனவே இயங்கும் மேல்நிலைப் பள்ளிகளில் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்கும் மதிய உணவு வழங்கப்பட வேண்டும். பள்ளியின் முகவரியோடு மாணவரின் பயண நேரமும் பதிவு செய்யப்பட வேண்டும். மதிய உணவுக்கு, அடுப்பும் சமையலரும் பள்ளியிலேயே இருக்கும்போது, கூட வேண்டியவை அரிசியும் முட்டையும் சமையலருக்கான ஊதியமும் மட்டுமே.