சொல்ல வேண்டியது நோயாளியிடமே

மருத்துவமனைக்கு வரும் மாற்றுத்திறனாளியிடம் பெரும்பாலும் யாரும் நேராகப் பேசுவதில்லை. "இவருக்கு என்ன செய்கிறது?" என்ற கேள்வி துணைக்கு வந்தவரை நோக்கியே எழுகிறது. மருந்துச் சீட்டும் அவர் கையிலேயே தரப்படுகிறது. பார்வையற்ற தந்தை தம் சர்க்கரை அளவை மகன் சொல்லியும், காது கேளாத தாய் தம் நோயின் பெயரைப் பள்ளிக்குச் செல்லும் மகளின் சைகையாலும் அறிந்துகொள்ளும் நிலையைப் பல மருத்துவமனைகளில் காணலாம். துணைக்கு வருபவரின் அன்பைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் மகன் வேலைக்குச் சென்ற பின், எந்த மாத்திரை எது என்பதை அந்தத் தந்தைதான் தனியே கண்டறிய வேண்டும்.

இந்நிலையை மாற்றும் பொருட்டு எங்கள் பணியாளர்களுக்குப் பயிற்சி அளித்து வருகிறோம். அதில் என்ன கற்பிக்கிறோம் என்பதை நீங்களும் அறிந்திருந்தால், கிடைக்காத இடத்தில் உரிமையோடு கேட்கலாம். அதற்காகவே இக்கட்டுரை.

பயிற்சி மருத்துவர்களோடு நின்றுவிடுவதில்லை. வாயிற்காவலர், பதிவு மேசையில் இருப்பவர், ஆய்வக உதவியாளர், மருந்தாளுநர், வார்டு ஆயா ஆகிய அனைவரும் அமர்கிறார்கள். ஒரு நோயாளி மருத்துவரைக் காணுமுன் இவர்களில் நால்வரையாவது கடந்து வருகிறார். கற்பிப்பவர்களுள் மாற்றுத்திறனாளிகளும் உண்டு. பணியாளர்களின் கண்ணைத் துணியால் கட்டி நடக்கவைக்கும் பயிற்சியை நாங்கள் மேற்கொள்வதில்லை. பத்து நிமிட இருட்டு அச்சத்தையும் இரக்கத்தையும் தருமேயன்றி, ஆண்டுக்கணக்கில் பார்வையின்றி வாழ்பவரின் திறமையைக் காட்டாது என்பது எங்கள் கருத்து.

சட்டமும் இதற்குத் துணை நிற்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. 1995ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் அவை ஏழாகவே இருந்தன. அரசு மருத்துவமனைகளுக்கும் தனியார் மருத்துவமனைகளுக்கும் தடையற்ற அணுகலை அச்சட்டம் விதிக்கிறது. தகவல் தொடர்பு என்பதற்கு அது தரும் விளக்கத்தில் பிரெய்ல், பெரிய எழுத்து, ஒலி வடிவம், சைகை மொழி, எளிய மொழி ஆகிய யாவும் அடங்கும். எனவே, படிக்க இயலாத தாளை ஒருவர் கையில் தந்துவிட்டுத் தகவல் தந்தாயிற்று என்று எவரும் கூற இயலாது.

மருந்தகத்திலிருந்து தொடங்குவோம்; ஏனெனில் பிழை நேர்ந்தால் உயிருக்கே ஆபத்தாகும் இடம் அது. பத்து மாத்திரை கொண்ட அட்டையைக் கத்தரித்து ஐந்தாகத் தரும்போது மருந்தின் பெயரோ காலாவதி நாளோ மறுபாதியோடு போய்விடக்கூடும். பார்வையுள்ளவர் நிறத்தைக் கொண்டேனும் ஊகிப்பார். பார்வையற்றவருக்கு அவ்வழியும் இல்லை. ஆகவே இயன்றவரை முழு அட்டையாகத் தருமாறு மருந்தாளுநர்களுக்கு அறிவுறுத்துகிறோம். காலை மருந்துக்கு ஒரு ரப்பர் வளையம், இரவு மருந்துக்கு இரண்டு என்று சுற்றித் தந்து, நோயாளியின் விரலால் தொட்டு எண்ணச் செய்கிறோம். பின்பு மருந்தின் பெயர், பயன், அளவு, வேளை ஆகியவற்றை அவருடைய கைபேசியிலேயே குரலாகப் பதிவுசெய்கிறோம். வேண்டும்போதெல்லாம் அவர் அதைத் திரும்பக் கேட்கலாம்.

இன்சுலினில் இன்னும் கூடுதல் கவனம் தேவை. விரைவில் வேலை செய்யும் சாதாரண இன்சுலின் நீர்போல் தெளிவாக இருக்கும். நெடுநேரம் வேலை செய்யும் என்.பி.எச். கலங்கலாக இருக்கும். கண்ணால் பார்த்தால் நொடியில் தெரியும் இவ்வேறுபாடு தொடுவோருக்குத் தெரியாது. குப்பிகளோ ஒரே அளவின. நீரிழிவே பார்வையைப் பறிக்கும் நோய் என்பதை எண்ணினால், இந்த இடர்ப்பாடு எத்தனை வீடுகளில் இருக்கும் என்பது புரியும். ஒன்றில் மட்டும் ரப்பர் வளையம் இட்டு, இரண்டையும் தனித்தனி இடத்தில் வைக்கச் சொல்கிறோம். இன்சுலின் பேனா பயன்படுத்துவோர், ஒவ்வொரு யூனிட்டுக்கும் எழும் சொடுக்கொலியை எண்ணக் கற்கலாம். ஆனால் செவிலியர் முன்னிலையில் பலமுறை சரியாகச் செய்து காட்டிய பிறகே அவர்கள் வீட்டில் தனியே போட்டுக்கொள்ள இசைகிறோம்.

தாள்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆய்வக அறிக்கையைப் புகைப்படமாக எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால், கைபேசியின் திரைவாசிப்பான் பெரும்பாலும் அதனைப் படமென்று மட்டுமே அறிவிக்கும். எழுத்தாகத் தட்டச்சு செய்யப்பட்ட கோப்பாயின் படித்துக் காட்டும். தமிழில் வேறொரு சிக்கலும் உண்டு. யூனிகோடு வருமுன் வழங்கிய பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த அறிவுரைத்தாள், திரையில் அழகிய தமிழாகத் தெரிந்தாலும், திரைவாசிப்பானின் காதுக்குப் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவே விழும். அலுவலகங்களில் இவ்வெழுத்துருக்கள் இன்னும் புழக்கத்தில் உள்ளன. எனவே வீடு திரும்பும்போது தரும் அறிவுரைகளை யூனிகோடில் மட்டுமே தட்டச்சு செய்யப் பழக்குகிறோம். மங்கிய பார்வையுடையோருக்குப் பெரிய எழுத்தும், பளபளப்பற்ற தாளும் போதுமானவை.

காது கேளாதோரிடம் உரக்கக் கத்துவதால் பயனில்லை. உதட்டசைவைக் கொண்டு புரிந்துகொள்பவராயின், முகக்கவசத்தை விலக்கி, வெளிச்சம் நம் முகத்தில் விழுமாறு நின்று, இயல்பான வேகத்தில் பேச வேண்டும். அப்போதும் 'மாலை', 'பாலை' ஆகிய இரண்டும் உதட்டில் ஒன்றுபோலவே தோன்றும். ஆதலால் வேளையையும் அளவையும் எழுதியே காட்ட வேண்டும். சைகை மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட பலருக்கு எழுத்துத் தமிழ் இரண்டாம் மொழி. நீண்ட வாக்கியங்களை எழுதி நீட்டுவது அவர்களுக்கு உதவாது. அவர்களுக்குச் சைகைமொழி பெயர்ப்பாளர் தேவை. நேரில் வர இயலாதபோது காணொளி அழைப்பில் வரவழைக்கலாம். புதுதில்லியில் 2015இல் நிறுவப்பட்ட இந்தியச் சைகைமொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் 2021இல் வெளியிட்ட அகராதியின் மூன்றாம் பதிப்பில் 10,000 சொற்கள் உள்ளன. மருத்துவச் சொற்களும் அவற்றுள் அடங்கும்.

குடும்பத்தினர் சைகையில் பெயர்த்துச் சொல்வதை ஏன் தவிர்க்கிறோம் என்று சிலர் வருந்துகிறார்கள். மாதவிடாய், கருச்சிதைவு, வீட்டில் நேரும் அடி உதை ஆகியவற்றை மாமியார் வாயிலாகக் கேட்டால் ஒரு பெண் என்ன விடை சொல்வார்? புற்றுநோய் என்ற சொல்லைத் தாய்க்கு உணர்த்தும் சுமையை ஒரு குழந்தையின் கையில் வைப்பதும் தகாது.

சைகை பேசுவோருக்குக் கைகளே நாவு. வலக்கைப் பழக்கமுள்ளவருக்கு இடக்கையில் ஊசிக்குழாய் பொருத்துமாறும், இரண்டு கைகளையும் ஒருசேரக் கட்டுப்படுத்தாதிருக்குமாறும் செவிலியர்களுக்குச் சொல்கிறோம். சிறு செய்திதான்; ஆனால் சொல்லாவிடில் எவருக்கும் தோன்றுவதில்லை.

பக்கவாதத்தால் பேச்சிழந்தவர்களுள் பலர் நாம் பேசுவதைப் புரிந்துகொள்ளும் ஆற்றலை ஓரளவேனும் தக்கவைத்திருக்கிறார்கள். அவர்கள் படுக்கையருகே நின்று, அவர்கள் இல்லாததுபோல் பேசலாகாது. ஆம், இல்லை என்று விடை கூறத்தக்க சிறு கேள்விகளும், படங்களும், பொறுமையான காத்திருப்பும் வேண்டும். அறிவுசார் குறைபாடு உடையோருக்கு ஒரு வாக்கியத்தில் ஒரு செய்தி மட்டும் சொல்கிறோம். ஸ்கேன் எடுக்குமுன் அக்கருவியின் புகைப்படத்தைக் காட்டுகிறோம்.

எவராயினும் "புரிந்ததா?" என்று கேட்பதில் பயனில்லை, நம் ஊரில் மருத்துவர் கேட்டால் எல்லோரும் தலையாட்டிவிடுவார்கள். "நாங்கள் தெளிவாகச் சொன்னோமா என்று பார்க்க வேண்டும், வீட்டில் இந்த மருந்தை எப்படி எடுத்துக்கொள்வீர்கள், சொல்லுங்கள்" என்று கேட்குமாறு பழக்குகிறோம். தவறு தென்பட்டால் வேறு விதமாக மீண்டும் விளக்குவது பணியாளரின் கடமை.

இவை யாவும் ஒரு பணியாளரின் நினைவை மட்டும் நம்பியிருந்தால் அவர் விடுப்பில் செல்லும் நாளில் அற்றுப்போகும். இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவையில், நோயாளிக்குத் தகவல் எவ்வடிவில் வேண்டும் என்பதைக் கேட்டு, ஏட்டில் பதிந்து, அடுத்த பிரிவுக்கும் தெரிவிக்க வேண்டும் என்ற விதி 2016 முதல் நடைமுறையில் உள்ளது. அதே முறையில், 'எனக்கு இவ்வாறு சொல்லுங்கள்' என்ற ஒரு வரியை நோயாளி ஏட்டின் முதல் பக்கத்தில் எழுதுகிறோம். நோயாளியின் இசைவு பெற்றே அது எழுதப்படும்.

அடுத்த முறை வரும்போது பதிவு மேசையில் அந்த வரியைக் கேட்டுப் பாருங்கள். இல்லையெனில் எழுதச் சொல்லுங்கள். சைகைமொழி பெயர்ப்பாளர் தேவையெனில் முன்பதிவின்போதே தெரிவியுங்கள். குரல் பதிவுக்கு நோயாளியின் சொந்தக் கைபேசியைக் கொண்டுவாருங்கள். மூக்குக்கண்ணாடியையும் காதுக்கருவியையும் வீட்டில் மறந்துவிடாதீர்கள். துணைக்கு வருவோர், கேள்வி நோயாளியிடம் கேட்கப்படும்போது அவர் விடை சொல்லும்வரை சற்றுக் காத்திருங்கள். சிலருக்கு அரை நிமிடம் ஆகும்.