50-க்கு 50! ஒலிம்பிக்கில் களிமண் புறாவை நொறுக்கிய பக்கத்து ஊர் தொண்டைமான்

காரைக்குடி:-

"டுமீல்!"

இந்த சத்தம் கேட்டால் செட்டிநாட்டுப் பக்கம் உள்ளவர்களுக்கு ஞாபகம் வருவது இரண்டே இரண்டு. ஒன்று, சினிமா சண்டை. இன்னொன்று, "அனுமதி இல்லாத நாட்டுத் துப்பாக்கி சிக்கியது" என்று பேப்பரில் வரும் போலீஸ் செய்தி. துப்பாக்கி என்றாலே வம்பு, நமக்கு எதுக்கு என்று ஒதுங்கிப் போவதுதான் இங்கே வழக்கம்.

ஆனால் இதே துப்பாக்கியைப் பிடித்து ஒலிம்பிக் வரை போனவர் ஒருவர் பக்கத்து ஊரிலேயே இருக்கிறார். காரைக்குடியில் பஸ் ஏறி திருமயம் தாண்டினால் புதுக்கோட்டை. சுமார் 40 கிலோ மீட்டர்தான். அந்த ஊர் மன்னர் பரம்பரையைச் சேர்ந்த பிரித்விராஜ் தொண்டைமான்தான் அவர். திருச்சி மேயராக இருந்த சாருபாலா தொண்டைமானின் மகன். 2024-ம் ஆண்டு பாரீஸ் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக களம் இறங்கினார். அங்கே அவர் சுட்டது ஆளையும் அல்ல, மிருகத்தையும் அல்ல. புறாவை! அதுவும் களிமண் புறாவை!

இது பற்றிய சுவையான விவரம் வருமாறு:-

பறக்கும் தட்டு

"களிமண் புறா" என்பது பெயர்தான். பார்ப்பதற்கு சின்ன தட்டு மாதிரி இருக்கும். குறுக்களவு 11 சென்டி மீட்டர். தாரும் சுண்ணாம்புக் கல் தூளும் கலந்து செய்தது. கையில் இருந்து தவறி கல்லில் விழுந்தாலே உடைந்து விடும்.

சுடுகிறவர் நிற்கும் இடத்தில் இருந்து 15 மீட்டர் முன்னால் ஒரு பள்ளம். பள்ளத்துக்குள் 15 எந்திரங்கள் வரிசையாக ஒளிந்து இருக்கும். வீரர் துப்பாக்கியை தோளில் ஏற்றி, கன்னத்தை அதில் பதித்து, ஒரு குரல் கொடுப்பார். பக்கத்தில் உள்ள மைக் அந்தக் குரலைக் கேட்டதும் பள்ளத்தில் இருந்து ஒரு தட்டு "விர்"ரென்று கிளம்பும். இடது பக்கம் போகுமா, வலது பக்கம் போகுமா, நேராகப் போகுமா? யாருக்கும் தெரியாது. வேகமோ மணிக்கு 100 கிலோ மீட்டர் அளவுக்கு இருக்கும். நம்ம ஊர் பைபாஸ் ரோட்டில் கார் பறக்குமே, அந்த வேகம்.

கண் இமைக்கும் நேரத்துக்குள் சுட வேண்டும். ஒரு தட்டுக்கு இரண்டு தோட்டா வரை அனுமதி. முழுசாக நொறுங்க வேண்டும் என்று இல்லை. ஒரு சில்லு பெயர்ந்து விழுவது கண்ணுக்குத் தெரிந்தால் போதும், ஒரு மார்க். தப்பினால் பூஜ்யம். நடுவில் பேரம் கிடையாது.

இப்படி ஒரு சுற்றுக்கு 25 தட்டு. மொத்தம் 5 சுற்று. 125 தட்டு. இந்தப் போட்டிக்கு "டிராப்" என்று பெயர்.

கடைசியில் இருந்து...

பாரீஸ் ஒலிம்பிக் என்றாலும் துப்பாக்கி சுடும் போட்டிகள் நடந்தது பாரீசில் அல்ல. பல மைல் தள்ளி இருக்கும் ஷாத்தரூ என்ற ஊரில். ஆண்கள் டிராப் போட்டி ஜூலை 29, 30 ஆகிய 2 நாட்கள் நடந்தது.

முதல் நாள் 3 சுற்று. தொண்டைமானுக்கு கிரகம் சரியில்லை. 75 தட்டில் 68-தான் உடைந்தது. கேட்பதற்கு நல்ல மார்க் போலத் தோன்றும். பரீட்சையில் 75-க்கு 68 வாங்கினால் வீட்டில் பாயசம் வைப்பார்கள். ஒலிம்பிக்கில் அது அடிமட்டம்! பட்டியலில் மேலே இருந்து தேடினால் பெயர் சீக்கிரம் கிடைக்காது. 7 தட்டை விட்டவர் அடுத்த நாள் வந்து என்ன செய்து விட முடியும்? இறுதிச் சுற்றுக்கு முதல் 6 பேருக்குத்தான் இடம்.

மறுநாள் வந்தார். 2 சுற்று பாக்கி. முதல் சுற்றில் 25-க்கு 25. அடுத்த சுற்றிலும் 25-க்கு 25. கிளம்பிய 50 தட்டில் ஒன்று கூட முழுசாகத் தரைக்குப் போகவில்லை!

மொத்தம் 118. கிடைத்த இடம் 21. பதக்கம் இங்கிலாந்து வீரர் நேதன் ஹேல்சுக்குப் போனது. எல்லாப் பத்திரிகையும் "தொண்டைமான் 21-வது இடம்" என்று ஒற்றை வரியில் முடித்து விட்டன. ஜெயிக்க வழியே இல்லை என்று தெரிந்த பிறகும் ஒரு தட்டையும் விடாமல் சுட்டாரே, அந்த 2-வது நாள் பற்றி செட்டிநாட்டு டீக்கடைகளில் பேச்சே இல்லை. கிரிக்கெட் என்றால் சும்மா விடுவோமா?

அதற்கு முந்தின ஆண்டு கதை வேறு. 2023 மார்ச் மாதம் தோஹாவில் நடந்த உலகக் கோப்பை டிராப் போட்டியில் தொண்டைமானுக்கு வெண்கலம். அதே ஆண்டு அக்டோபரில் சீனாவின் ஹாங்சோ நகரில் ஆசிய விளையாட்டு. கினான் செனாய், ஜோராவர் சிங் சாந்து இருவரோடு தொண்டைமானும் சேர்ந்து 361 தட்டுகளை உடைத்தார்கள். அணிக்கு தங்கம்!

நிஜப் புறா செத்த கதை

தட்டுக்கு ஏன் புறா என்று பெயர் வந்தது? காரணம் கேட்டால் பகீர் என்கிறது. ஆரம்ப காலத்தில் நிஜப் புறாவைத்தான் பறக்க விட்டு சுட்டார்கள். 1900-ம் ஆண்டு இதே பாரீசில் ஒலிம்பிக் நடந்த சமயம் உயிருள்ள புறாக்களை வைத்து ஒரு போட்டி. சுமார் 300 புறாக்கள் செத்து விழுந்தன. மைதானம் எல்லாம் ரத்தமும் இறகும். அப்புறம் ஒலிம்பிக் பக்கமே அந்தப் போட்டி தலை காட்டவில்லை. தட்டு வந்து புறாவைக் காப்பாற்றியது.

நம்ம நாட்டிலும் கதை ஏறக்குறைய அதேதான். ராஜா, ஜமீன்தார் வீடுகளில் துப்பாக்கி இருந்தது வேட்டைக்காக. 1972-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வேட்டை குற்றம் ஆனது. பழகிய கை சும்மா இருக்குமா? தட்டுப் பக்கம் திரும்பியது. பிகானீர் மகாராஜா கர்ணி சிங் 1962-ல் கெய்ரோ உலகப் போட்டியில் டிராப்பில் வெள்ளி வாங்கியவர், 5 ஒலிம்பிக்குக்குப் போனவர். ராணுவ அதிகாரி ராஜ்யவர்தன் சிங் ரத்தோர் 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கியதும் தட்டு சுட்டுத்தான். அது ஒரே நேரத்தில் 2 தட்டு கிளம்பும் போட்டி.

வெடி வெடிக்காத கிராமம்

சிவகங்கை மாவட்டத்துக்காரர்களுக்கு பறவை விஷயத்தில் யாரும் பாடம் சொல்ல வேண்டியது இல்லை. திருப்பத்தூர் தாண்டி மதுரை ரோட்டில் உள்ள வேட்டங்குடி, கொள்ளுகுடிப்பட்டி கண்மாய்கள் 1977-ல் பறவைகள் சரணாலயம் ஆக்கப்பட்டன. அங்கு உள்ள கிராம மக்கள் தீபாவளிக்கு கூட வெடி வெடிப்பது இல்லை. கூடு கட்டிய நாரை மிரண்டு போகும் என்று ஊரே கூடி எடுத்த முடிவு. வனத்துறையினர் இனிப்பு வாங்கிக் கொடுத்து கவுரவிக்கிறார்கள்.

ஊசி வெடிக்கே தடை போட்ட மண்ணில் 12 போர் துப்பாக்கி முழங்கினால் எப்படி இருக்கும்? தொண்டைமான் பிடிக்கும் துப்பாக்கி அந்த ரகம்தான். ஒன்றின் மேல் ஒன்றாக 2 குழல். எடை சுமார் 4 கிலோ. ஒரு தோட்டாவுக்குள் 24 கிராம் ஈயச் சிதறல். 200-க்கும் மேற்பட்ட குட்டிக் குண்டுகள் ஒரே நேரத்தில் விசிறி போல பாயும். பெராசி, பெரெட்டா என்று இத்தாலிக் கம்பெனிகளின் துப்பாக்கிகளுக்கு உலகம் முழுக்க கிராக்கி. விலை பல லட்சம்.

தோட்டாக் கணக்கு தனி. ஒரு போட்டிக்கே அதிகபட்சம் 250 வரை தேவைப்படும். பயிற்சிக்கு எத்தனை என்று கணக்குப் பார்த்தால் மளிகைக் கடை அண்ணாச்சிக்கு மயக்கம் வந்து விடும். மன்னர் வீட்டுப் பிள்ளைக்குத்தான் கட்டுப்படி ஆகும் என்று சொல்வதில் பொய் இல்லை.

கலெக்டர் ஆபீஸ் படி

பணம் இருந்தால் மட்டும் போதாது. இந்த ரகத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டும். வயது 21 முடிந்து இருக்க வேண்டும். போலீஸ் விசாரணை, கலெக்டர் ஆபீஸ் என்று செருப்பு தேய வேண்டும். 2019-ல் திருத்திய ஆயுதச் சட்டப்படி ஒருவர் 2 துப்பாக்கிக்கு மேல் வைத்துக் கொள்ள முடியாது. முன்பு 3 இருந்தது. துப்பாக்கி சுடும் வீரர்கள் கூச்சல் போட்டதால் அவர்களுக்கு மட்டும் தனி விலக்கு.

தேர்தல் அறிவித்ததும் லைசென்ஸ் துப்பாக்கிகளை போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள் அல்லவா? அதிலும் போட்டியில் கலந்து கொள்ளும் சங்க உறுப்பினர்களுக்கு விலக்கு உண்டு. இல்லாவிட்டால் தேர்தல் முடிகிற வரை பயிற்சி அம்போ!

சிறுவன் பலி

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று கேட்பவர்கள் நார்த்தாமலை சம்பவத்தை மறந்து இருக்க மாட்டார்கள்.

புதுக்கோட்டையில் இருந்து திருச்சி போகும் வழியில் நார்த்தாமலை. அங்கே துப்பாக்கி சுடும் பயிற்சி தளம் ஒன்று. விளையாட்டுக்கு உள்ளது அல்ல, பாதுகாப்புப் படையினர் பயிற்சி பெற்ற இடம். 2021 டிசம்பர் 30-ந் தேதி மத்திய தொழில் பாதுகாப்புப் படையினர் அங்கு சுட்டுப் பழகிக் கொண்டு இருந்தார்கள். தொலைவில் தாத்தா வீட்டில் இருந்த 11 வயது சிறுவனின் தலையில் ஒரு குண்டு பாய்ந்தது. தஞ்சை ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. பிழைக்கவில்லை. 2022 ஜனவரி 3-ந் தேதி இறந்து போனான்.

அந்தப் பிள்ளை துப்பாக்கியைப் பார்க்கவும் இல்லை, சுட்டவரைப் பார்க்கவும் இல்லை. தளம் மூடப்பட்டது, அரசு பண உதவி செய்தது, எல்லாம் சரி. போன உயிர்?

விளையாட்டுக்குப் பயன்படும் .22 ரைபிள் குண்டு கூட பார்க்க சுண்டுவிரல் நகம் அளவுதான். தடுப்பு இல்லாவிட்டால் ஒன்றரை கிலோ மீட்டர் வரை போகக் கூடியது. 50 மீட்டர் போட்டிக்கு உள்ள தளத்தில் இலக்குக்குப் பின்னால் உயரமான மண் மேடோ, சுவரோ கட்டாயம் என்பது இதனால்தான். "எங்க பொட்டல்ல ஆள் நடமாட்டமே இல்லீங்க" என்ற பேச்சு எடுபடாது. ஆடு மேய்க்கிறவர் இல்லாத பொட்டல் இந்தச் சீமையில் எங்கே இருக்கிறது?

இந்த .22 ரைபிளில்தான் மராட்டியத்தைச் சேர்ந்த ஸ்வப்னில் குசாலே பாரீசில் வெண்கலம் வாங்கினார். அவர் ராஜா வீட்டுப் பிள்ளை அல்ல. ரெயில்வேயில் டிக்கெட் பரிசோதகர் வேலை பார்த்தவர்!

33 அடி போதும்

அப்படியானால் காரைக்குடி கடைக்காரர் மகனுக்கும், தாலுகா ஆபீஸ் கிளார்க் மகளுக்கும் வழியே இல்லையா? இருக்கிறது. காற்றுத் துப்பாக்கி.

இதில் வெடிமருந்து கிடையாது. அடைத்து வைத்த காற்று ஒரு சின்ன ஈயக் குண்டை தள்ளி விடும். குண்டின் பருமன் 4.5 மில்லி மீட்டர். இந்த அளவும், 20 ஜூலுக்கு மேற்படாத வேகச் சக்தியும் உள்ள காற்றுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் தேவை இல்லை. போட்டித் துப்பாக்கிகளின் சக்தி அதில் பாதி கூட வராது.

தூரம் 10 மீட்டர். அதாவது 33 அடி. செட்டிநாட்டு வீடு ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடிகிறது. வளவு ஒன்றிலேயே இந்த தூரம் அடங்கி விடும். ஆச்சி சம்மதிப்பாரா என்பது வேறு விஷயம்! வேடிக்கைப் பேச்சு இல்லை. அபினவ் பிந்த்ராவுக்கு அவருடைய அப்பா வீட்டு வளாகத்திலேயே தளம் கட்டிக் கொடுத்தார். அந்தப் பிள்ளைதான் 2008 பீஜிங் ஒலிம்பிக்கில் 10 மீட்டர் ரைபிளில் தங்கம் வாங்கினார். ஒலிம்பிக்கில் தனி ஆளாக தங்கம் வென்ற முதல் இந்தியர் அவர்.

தூரம் குறைவு என்று இளக்காரமாக நினைக்க வேண்டாம். இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லி மீட்டர். பேனாவால் ஒரு புள்ளி வைத்தால் அதை விட பெரிதாக இருக்கும். 5 கிலோ ரைபிளை நின்றபடி பிடித்து ஒன்றே கால் மணி நேரத்தில் 60 முறை சுட வேண்டும். மூச்சு, நாடித் துடிப்பு இரண்டும் குறியை ஆட்டி விடும்.

கடலூரில் பிறந்து ஆமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் இதில் உலகக் கோப்பை தங்கம் வாங்கியவர். 2 ஒலிம்பிக்கில் கலந்து கொண்டவர். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் இதே போட்டியில் வெண்கலம் வாங்கிய ககன் நாரங் பிறந்தது சென்னையில். கைத்துப்பாக்கி ரகத்தில் மனு பாகர். 2021-ல் டோக்கியோவில் போட்டி நடுவே துப்பாக்கி பழுதாகி நேரம் போய் கண்ணீரோடு திரும்பியவர், 2024-ல் 2 வெண்கலம் கொண்டு வந்தார்.

நடிகர் அஜித்குமார் 2022-ல் திருச்சி ரைபிள் கிளப்பில் நடந்த மாநிலப் போட்டியில் பதக்கங்களை அள்ளியதும் கைத்துப்பாக்கியில்தான். அன்று ரைபிள் கிளப் வாசலில் கூடிய கூட்டம் துப்பாக்கி பார்க்க வந்த கூட்டம் அல்ல!

உள்நாட்டு காற்றுத் துப்பாக்கி சில ஆயிரம் ரூபாய்க்கு கிடைக்கும். போட்டித் தரத்தில் ஜெர்மன் வால்தர், ஃபெயின்வெர்க்பாவ் வேண்டும் என்றால் லட்சத்தைத் தாண்டும். தொடங்குகிறவர்கள் முதலில் கிளப்பில் உள்ள துப்பாக்கியில் பழகிப் பார்ப்பதுதான் புத்திசாலித்தனம்.

லைசென்ஸ் இல்லை என்பதால் அது பொம்மையும் அல்ல. கண்ணில் பட்டால் கண் போய் விடும். கண்மாய்க் கரையில் நின்று கொக்கையோ நாரையையோ குறி பார்த்தாலும் வேட்டைதான். 1972-ம் ஆண்டு சட்டப்படி வனத்துறை வழக்கு போடும். துப்பாக்கியும் பறிமுதல் ஆகும்.