ஆகாயத்தில் நித்திரை

பிரான்ஸிலுள்ள மக்களைக் காண நம் புதுச்சேரியிலிருந்து முதியவர்கள் பலர் பிரயாணமாகிறார்கள். சாரத்துக்கு அடுத்த லாஸ்பேட்டையிலே விமான நிலையம் இருந்தும், பாரிஸ் செல்வோர் பலர் சென்னைக்கு மோட்டாரில்தான் போகிறார்கள். அதில் மூன்று மணி நேரம். பிறகு ஆகாயத்தில் பத்து மணிக்கு மேல். எல்லாம் உட்கார்ந்தபடியே!

நம்மவர்களின் சங்கோசம் இங்கே ஆபத்தாகிறது. அடுத்தவருக்குத் தொந்தரவு என்று எழுந்திருப்பதில்லை. எழுந்திருக்க நேருமே என்று தண்ணீரும் அருந்துவதில்லை. விமானத்தினுள் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் உள்ளதற்குச் சமம். உதகமண்டலத்தில் இருப்பது போலத்தான்; ஆனால் அவ்வூரின் ஈரம் இல்லை. நாவும் கண்ணும் உலர்கின்றன. அசையாத காலில் இரத்தம் உறையவும் கூடும். நான்கு மணிக்கு மேற்பட்ட பிரயாணத்தால் இவ்வபாயம் ஏறக்குறைய இரு மடங்காகிறதென்று உலக சுகாதார ஸ்தாபனம் 2007-ல் அறிவித்தது. ஆயினும் சுமார் 6,000 பேரில் ஒருவருக்கே நேர்வது. பயம் வேண்டாம், ஜாக்கிரதை போதும்.

நடைபாதையை ஒட்டிய ஆசனம், தளர்ந்த உடை, கழுத்துக்குச் சிறு தலையணை, ஒரு சால்வை: இவை போதும். இடுப்பு வாரைச் சால்வைக்கு மேல் பூட்டிக்கொண்டால், அதைப் பார்ப்பதற்காக யாரும் எழுப்பமாட்டார்கள். நன்றாக உறங்கலாம். விழித்தபோதெல்லாம் பாதங்களை அசைத்து, சற்று உலாவி வரவேண்டும். மதுவும் தூக்க மாத்திரையும் மனிதரை மரக்கட்டையாக்கும், அவை வேண்டாம். முன்பே இரத்த உறைவு கண்டவர்கள் வைத்தியரைக் கேட்டே புறப்படுக.

பாட்டியை வழியனுப்பும் பேரப்பிள்ளைகளுக்கு நாம் சொல்வது ஒன்றே: ஊறுகாய் ஜாடியைக் கட்டுமுன், "கூச்சப்படாமல் எழுந்து நடங்கள், பாட்டி!" என்று சொல்லி அனுப்புங்கள்.