இன்சுலின் ஊசி சரியாக ஏறியதா என்ற சந்தேகம் வந்தால்

ஊசியை எடுத்ததும் தோலில் மருந்து வழிகிறது. அல்லது பிள்ளை அசைந்ததில் ஊசி பாதியில் வெளியே வந்துவிட்டது. அல்லது, காலையில் போட்டோமா இல்லையா என்றே ஞாபகம் இல்லை. இப்படியான வேளையில் "எதற்கும் இன்னொன்றைப் போட்டுவிடுவோம்" என்று தோன்றுவது இயல்பு. தயவுசெய்து போடாதீர்கள்.

ஒரு நேர மருந்து குறைந்தால் இரத்தத்தில் சீனி கூடும்தான். ஆனால் அது மணித்தியாலக் கணக்கில் கூடுவது. கவனிக்கவும் வைத்தியசாலைக்குப் போகவும் அவகாசம் இருக்கும். முதல் ஊசி உள்ளே போயிருக்க இன்னொன்றையும் போட்டால் சீனி அளவுக்கு மீறி இறங்கி ஆள் மயங்கிவிடலாம். இரவில் என்றால் பக்கத்தில் படுத்திருப்பவருக்கும் தெரியவராது. எவ்வளவு வழிந்தது என்று கண்ணால் அளக்கவும் முடியாது.

எனவே நேரத்தைக் குறித்துவிட்டு வழமையான சாப்பாட்டைச் சாப்பிடுங்கள். குளுக்கோமீற்றர் இருந்தால் இரண்டு, மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தடவையும் படுக்கைக்கு முன்னும் பாருங்கள். அயல்வீட்டில் இரவல் வாங்கினால், விரலில் குத்தும் ஊசி கட்டாயம் புதிதாக இருக்கவேண்டும். அடுத்த ஊசியை வழமையான நேரத்தில் வழமையான அளவிலேயே போடுங்கள். கிளினிக்கில் உங்களுக்கென்று வேறு அறிவுறுத்தல் தந்திருந்தால் அதன்படி செய்யுங்கள்.

வியர்வை, நடுக்கம், படபடப்பு, பேச்சில் தடுமாற்றம் கண்டால், அல்லது அளவு 70க்குக் கீழே இருந்தால், மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்து உடனே குடிக்கக் கொடுங்கள். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் மறுபடியும் கொடுங்கள். தெளிந்ததும் சாப்பாடு கொடுக்கவேண்டும். மயங்கியவருக்கு வாயால் எதுவும் கொடுக்காமல், ஒருபக்கமாகச் சரித்துப் படுக்கவைத்து 1990 அம்புலன்ஸை அழையுங்கள். அது இலவச சேவை.

சிறுவயதிலிருந்தே இன்சுலினில் இருப்பவர்களின் நிலைமை வேறு. அவர்களுக்கு மருந்து ஏறாமல் போனால் கடும் தாகம், வாந்தி, வயிற்றுவலி, ஆழமாக மூச்சு வாங்குதல் வரலாம். இவற்றில் ஒன்று கண்டாலும் விடியும்வரை காத்திருக்கவேண்டாம். இவர்களுக்குச் சந்தேகம் வந்த உடனேயே கிளினிக்கிலோ வைத்தியசாலையிலோ கேட்பது நல்லது.

ஊசி திரும்பத் திரும்பப் பிழைக்கிறதா? மருந்தை முழுதாகத் தள்ளியபின் மெதுவாகப் பத்து எண்ணிவிட்டு ஊசியை எடுங்கள். ஒரே இடத்தில் குத்திக் குத்தித் தடித்துப்போன இடத்தில் மருந்து ஒழுங்காகச் சேராது, இடத்தை மாற்றுங்கள். ஊசி சரியாக ஏறியும் சீனி இறங்காவிட்டால் போத்தலைச் சந்தேகியுங்கள். தகரக் கூரையின் கீழ் பகல் வெக்கையில் இன்சுலின் பழுதாகிவிடும். மின்சாரம் இன்னும் வராத வீடுகளில், ஈர மணலில் வைத்த மண்சட்டிக்குள், தண்ணீர் படாதபடி பொலித்தீன் பையில் இட்டு நிழலில் வையுங்கள். திறந்த போத்தலை நான்கு வாரத்துக்கு மேல் பாவிக்கவேண்டாம். கலங்கலாக இருக்கவேண்டிய மருந்து உருட்டியும் கலங்காமல் கட்டி கட்டியாக நின்றால், அல்லது தெளிந்த மருந்து கலங்கியிருந்தால், அதைப் பாவிக்காமல் அன்றே கிளினிக்கிற்கு எடுத்துச் சென்று மாற்றிக்கொள்ளுங்கள்.

மறதிக்கு ஒரு கலண்டர் போதும். ஊசி போட்ட கையோடு அதில் ஒரு கோடு போடுங்கள். வீட்டில் இருவர் ஊசி போடுபவர்கள் என்றால் இரண்டு நிறப் பேனை வைத்துக்கொள்ளுங்கள்.