படபடப்பு எதனால்? மாத்திரையாலா, மனத்தாலா?

கழுத்தில் இருந்த கட்டி போய்விட்டது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. "இனிப் பயம் இல்லை. இந்த மாத்திரையை மட்டும் விடாமல் சாப்பிடுங்கள்" என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். வீட்டார் வேண்டுதலையும் செலுத்திவிட்டார்கள்.

மூன்று மாதம் கழித்துப் புதிதாக ஒரு தொல்லை! இரவில் தூக்கம் வருவதில்லை. நெஞ்சு படபடவென்று அடித்துக் கொள்கிறது. கை நடுங்குகிறது. காரணம் இல்லாமல் கோபம் வருகிறது. காரணம் இல்லாமல் அழுகையும் வருகிறது. "நோய் திரும்பிவிட்டதோ!" என்ற எண்ணம் வேறு வாட்டுகிறது.

"எல்லாம் மனப்பிரமை. சும்மா இரு" என்கிறார் கணவர். "அந்த மாத்திரைதான் சூடு. நிறுத்திப் பாரேன்" என்கிறார் நாத்தனார்.

தைராய்டு புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர்களின் வீடுகளில் அடிக்கடி நடக்கிற பேச்சு இது. கணவர் சொல்வதிலும் நாத்தனார் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால், இரண்டு பேர் சொல்கிற வைத்தியமும் தவறு. சும்மா இருந்தால் தீராது. மாத்திரையை நிறுத்தினாலோ, ஆபத்து!

அடுப்புத் தீ போல

கழுத்தின் முன்பக்கம், குரல்வளைக்குச் சற்றுக் கீழே இருக்கிறது தைராய்டு சுரப்பி. சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சி போன்ற வடிவம். எடை சுமார் 20 கிராம்தான். உணவில் உள்ள அயோடின் சத்தை எடுத்து, 'தைராக்சின்' என்ற ஹார்மோனை இது செய்கிறது. ஹார்மோன் என்றால், ஓர் இடத்தில் சுரந்து, ரத்தத்தில் கலந்து, உடம்பு முழுவதும் போய் வேலை செய்கிற பொருள்.

அடுப்பில் தீயைக் கூட்டிக் குறைத்துச் சமைக்கிறோம் அல்லவா? அதுபோல, உடம்பின் வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் தைராக்சின்தான். இதயத் துடிப்பு, உடல் சூடு, ஜீரணம், தூக்கம், மனநிலை எல்லாம் அதன் கையில் இருக்கின்றன. தீ மிஞ்சினால் பால் பொங்குகிறது. தீ தணிந்தால் அரிசி வேகாது.

இந்தச் சுரப்பியில் வரும் புற்றுநோய் ஆண்களைவிடப் பெண்களுக்குச் சுமார் மூன்று மடங்கு அதிகம். பெரும்பாலும் மெதுவாக வளரும் வகைதான். சிலருக்குச் சுரப்பியில் பாதியை மட்டும் எடுக்கிறார்கள். சிலருக்கு முழுவதையும் எடுத்துவிடுகிறார்கள். முழுவதும் எடுத்துவிட்டால், உடம்பில் தைராக்சின் சுரக்க வழி இல்லை. வெளியிலிருந்துதான் கொடுக்க வேண்டும். ஆயுள் முழுவதும் கொடுக்க வேண்டும்.

870 ஆடுகள் காப்பாற்றிய பெண்!

சுரப்பியை எடுத்துவிட்டு மாத்திரை கொடுக்காமல் விட்டால் என்ன ஆகும்? இதை உலகம் ஒரு துயரமான வழியில் தெரிந்து கொண்டது.

சுவிட்சர்லாந்து நாட்டில் பெர்ன் நகரத்தில் தியோடர் கோக்கர் என்ற ஆபரேஷன் நிபுணர் இருந்தார். அந்த மலைநாட்டில் கழுத்துக் கழலை மிக அதிகம். கழலை ஆபரேஷன் என்றாலே மக்கள் நடுங்கிய காலம் அது. கோக்கர் கை வைத்தால் பிழைத்துவிடலாம் என்ற பெயர் அவருக்கு இருந்தது. 1874ல் அவர் 11 வயதுச் சிறுமி ஒருத்திக்குச் சுரப்பி முழுவதையும் எடுத்தார். காயம் நன்றாக ஆறியது. ஆனால், சுறுசுறுப்பாக இருந்த பெண் பிறகு மந்தமாகிவிட்டாள். வளர்ச்சி நின்றது, முகம் ஊதியது, புத்தியும் மங்கியது.

பல ஆண்டு கழித்து இந்தச் செய்தி கோக்கரின் காதுக்கு எட்டியது. திடுக்கிட்டுப் போனார். பழைய நோயாளிகளை எல்லாம் திரும்ப அழைத்துப் பார்த்தார். சுரப்பியை முழுவதும் இழந்தவர்களில் அநேகருக்கு அதே கதி! தம்முடைய ஆபரேஷனால் வந்த கேடு என்பதை மறைக்காமல் 1883ல் டாக்டர்கள் மாநாட்டில் அவரே எடுத்துச் சொன்னார். தைராய்டு பற்றிய ஆராய்ச்சிக்காக 1909ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பரிசைவிட, 1883ல் அவர் பேசிய பேச்சுதான் பெரிது.

நோய் தெரிந்துவிட்டது. மருந்து?

இங்கிலாந்தில் நியூகாசில் நகரத்தில் ஜார்ஜ் மரே என்ற இளம் டாக்டர் 1891ல் ஒரு காரியம் செய்தார். தைராய்டு சுரப்பி வேலை செய்யாமல் வாடிக் கிடந்த 46 வயதுப் பெண் ஒருவருக்கு, ஆட்டின் தைராய்டிலிருந்து எடுத்த சாற்றை ஊசி மூலம் ஏற்றினார். சில மாதங்களில் அந்தப் பெண்ணின் முகவீக்கம் வடிந்தது. பேச்சுத் தெளிந்தது. வீட்டு வேலைகளைச் செய்யத் தொடங்கினார். பிறகு அதே சாற்றை வாய் வழியாகவே சாப்பிட்டு வந்தார். இப்படி 28 ஆண்டுகள்! 1919ல், தமது 74ஆம் வயதில்தான் அவர் இறந்தார். அதுவரை அவருக்காகப் பயன்பட்ட ஆடுகள் 870க்கு மேல்!

இப்போது ஆடு தேவை இல்லை. 1914ல் அமெரிக்காவில் எட்வர்ட் கெண்டல் தைராக்சினைத் தனியே பிரித்தெடுத்தார். 1927ல் ஹாரிங்டனும் பார்ஜரும் அதைச் செயற்கையாகவே தயாரித்துக் காட்டினார்கள். இன்று கடைகளில் கிடைக்கும் சின்னஞ்சிறு மாத்திரை அந்த வழியில் வந்ததுதான். உடம்பில் சுரக்கும் தைராக்சினும் இதுவும் ஒன்றே. "மருந்துக்கு அடிமையாகிவிட்டேனே" என்று வருந்துகிறவர்கள் இதைத் தெரிந்து கொள்ள வேண்டும். சோறும் தண்ணீரும் போல, உடம்புக்கு வேண்டிய ஒன்று இது.

கொஞ்சம் கூடுதலாக ஏன்?

இங்கேதான் படபடப்பின் ரகசியம் இருக்கிறது.

மூளைக்கு அடியில் பிட்யூட்டரி என்ற இன்னொரு சுரப்பி உண்டு. தைராய்டுக்கு அதுதான் மேஸ்திரி. ரத்தத்தில் தைராக்சின் குறைந்தால், "இன்னும் சுரக்கட்டும்" என்று அது ஒரு கட்டளை அனுப்பும். அந்தக் கட்டளைக்கு டி.எஸ்.எச். என்று பெயர். தைராக்சின் போதிய அளவு இருந்தால் கட்டளை அடங்கிவிடும். ஆகவே ரத்தப் பரிசோதனைச் சீட்டில் டி.எஸ்.எச். எண் ஏறியிருந்தால், மாத்திரை போதவில்லை என்று அர்த்தம். எண் இறங்கியிருந்தால், மாத்திரை அதிகம் என்று அர்த்தம். தலைகீழ்க் கணக்கு! பலர் இதில்தான் குழம்புகிறார்கள்.

ஆபரேஷனுக்குப் பிறகு, கண்ணுக்குத் தெரியாத புற்றுநோய் அணுக்கள் சில எங்காவது மிஞ்சியிருக்கலாம். மேஸ்திரியின் கட்டளையைக் கேட்டால் அவையும் வளரும். எனவே, கட்டளையே கேட்காதபடி, மாத்திரையைச் சற்றுக் கூடுதலாகவே கொடுப்பது உண்டு. தெரிந்தே கூட்டுவதுதான்.

அதற்கு விலை உண்டு. அளவு மிஞ்சினால் படபடப்பு, நடுக்கம், வியர்வை, எரிச்சல், தூக்கமின்மை, நன்றாகச் சாப்பிட்டும் எடை குறைதல் எல்லாம் வரலாம். பல ஆண்டுகள் அப்படியே இருந்தால் இதயத் துடிப்பு தாளம் தப்பலாம். மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு எலும்பு தேயலாம். ஆகையால் நோய் திரும்பும் ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கு மட்டும் இப்போது டி.எஸ்.எச்.சை நன்றாக அடக்குகிறார்கள். ஆபத்து குறைவு என்றால் அவ்வளவு அடக்குவதில்லை. "எனக்கு எந்த அளவில் வைத்திருக்கிறீர்கள், டாக்டர்? எவ்வளவு காலத்துக்கு?" என்று கேட்பதில் தவறே இல்லை. கேட்க வேண்டிய கேள்விதான்.

மாத்திரை குறைந்தால் கதை வேறு. அசதி, குளிர் தாங்காமை, மலச்சிக்கல், எடை கூடுதல், எதிலும் பற்றில்லாத சோர்வு. கதிரியக்க அயோடின் கொடுப்பதற்கு முன்னால் சிலருக்கு மூன்று, நான்கு வாரம் தைராக்சினை நிறுத்தி வைப்பார்கள். அந்த நாட்களில் உலகமே இருண்டது போல் தோன்றும். மாத்திரையை மறுபடி தொடங்கிச் சில வாரங்களில் அது விலகும். முன்கூட்டியே வீட்டாருக்குச் சொல்லி வைத்தால் பாதி பயம் குறையும்.

"நல்ல கேன்சர்" என்ற பேச்சு

எல்லாப் பழியையும் மாத்திரை மேல் போட முடியாது. பயம் என்பதும் உண்மையான ஒரு நோவு.

தைராய்டு புற்றுநோய் பெரும்பாலும் குணமாகக் கூடியது. அதனால், "கேன்சரிலேயே இது நல்ல கேன்சர்" என்று ஆறுதல் சொல்கிறார்கள். சொல்பவர் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார். கேட்பவருக்கோ வாய் அடைத்துப் போகிறது. "நல்ல நோய் வந்தவள் அழலாமா?" என்று பயத்தை உள்ளேயே பூட்டி வைக்கிறார். பரிசோதனைத் தேதி நெருங்க நெருங்கச் சோறு இறங்குவதில்லை. தொண்டையில் எச்சில் விழுங்கினாலும் சந்தேகம்.

ஒன்று நினைவிருக்கட்டும். படபடப்பு, நோய் திரும்பியதற்கு அடையாளம் அல்ல. நோய் திரும்பினால் பொதுவாகக் கழுத்து ஸ்கேனிலும், தைரோகுளோபுலின் என்ற ரத்தப் பரிசோதனையிலும்தான் தெரியவரும். அதற்காகத்தான் டாக்டர்கள் தவணை சொல்லி அழைக்கிறார்கள்.

அப்படியானால் இந்தப் படபடப்பு மாத்திரையாலா, மனத்தாலா? நாள் முழுவதும் நடுக்கமும் புழுக்கமும் இருந்து, எடையும் குறைந்தால் மாத்திரை மேல் சந்தேகம். பரிசோதனை நெருங்கும்போது மட்டும் அலை போல வந்து போனால் மனத்தின் மேல் சந்தேகம். விரல் நுனியும் உதட்டோரமும் மரத்துப் போனால் கால்சியம் குறைந்திருக்கலாம். தைராய்டை ஒட்டி இருக்கும் சிறு சுரப்பிகள் ஆபரேஷனில் அடிபட்டால் அப்படி ஆவது உண்டு. இவை வெறும் ஊகம்தான். ரத்தப் பரிசோதனைதான் தீர்ப்புச் சொல்லும்.

பரிசோதனையில் மாத்திரை அளவு சரி என்று வந்துவிட்டால்? "ஒன்றும் இல்லை, போ" என்று அர்த்தமல்ல! மனத்துக்கும் வைத்தியம் உண்டு. மனநல ஆலோசகரிடம் வாய்விட்டுப் பேசுவது, தினம் அரை மணி நேரம் நடப்பது, மெதுவாக மூச்சை இழுத்து விடுவது, தேவைப்பட்டால் அதற்குரிய மருந்து. 14416 என்ற இந்திய அரசின் இலவச மனநலத் தொலைபேசியில் தமிழிலும் பேசலாம். வாழ்வே வேண்டாம் என்று தோன்றினால் ஒரு நாள்கூடத் தள்ளிப் போடக் கூடாது. அதுபோலவே, நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், மயக்கம், தாறுமாறான துடிப்பு இவற்றில் ஏதாவது வந்தால் ரத்தப் பரிசோதனைக்குக் காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

காப்பி காத்திருக்கட்டும்!

தைராக்சின் மாத்திரை ரோஷக்காரன். தனியாக வந்தால்தான் வேலை செய்யும். காலையில் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு விழுங்க வேண்டும். அப்புறம் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை காப்பி, டீ, பால் எதுவும் கூடாது. கண் விழித்ததும் டிகாக்ஷன் வாசனை மூக்கைத் துளைக்கும் வீடுகளில் இது பெரிய தவம்தான்! முடியாதவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு, இரவுச் சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரம் கழித்துப் போட்டுக் கொள்ளலாம். எந்த நேரமானாலும் தினம் ஒரே மாதிரி இருக்க வேண்டும்.

கால்சியம், இரும்புச் சத்து, நெஞ்செரிச்சல் மாத்திரைகளுக்கும் இதற்கும் நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும். தலைமுடி வளர என்று விற்கும் பயோட்டின் மாத்திரை, ரத்தப் பரிசோதனையையே ஏமாற்றிவிடும். பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பே அதை நிறுத்திவிட வேண்டும். மாத்திரைக் குப்பியை அடுப்பங்கரையில் வைத்தால் சூட்டில் மருந்து கெடும்.

ஒரு நாள் மறந்துவிட்டால் உயிர் போய்விடாது. ஒரு வாரம் கழிந்தாலும் தைராக்சினில் பாதி ரத்தத்தில் இருக்கும். நினைவு வந்ததும் போட்டுக் கொள்ளலாம். அதே காரணத்தால், அளவை மாற்றிய மறுநாளே குணம் தெரியாது. ஆறு வாரமாவது கழித்துத்தான் மறு பரிசோதனை. "பத்து நாள் ஆகியும் படபடப்பு போகவில்லையே" என்று தாமாகப் பாதி மாத்திரையாக உடைத்துச் சாப்பிடுகிறவர்கள், டாக்டர் போட்ட கணக்கையே கலைத்துவிடுகிறார்கள். மாத்திரைக் கம்பெனி மாறினாலும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். பெண்கள் கர்ப்பம் என்று தெரிந்த உடனே சொல்ல வேண்டும். அப்போது தேவை கூடும்.

பள்ளிக்கூடப் பிள்ளையின் பழைய நோட்டு ஒன்று போதும். மாத்திரை போட்ட நேரம், தூங்கிய நேரம், படபடப்பு வந்த நாள், அன்று நடந்தது என்ன என்று இரண்டு வரி எழுதி வரலாம். எழுத வராதவர்களுக்குப் பேரனோ பேத்தியோ எழுதிக் கொடுக்கலாம். அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது ரத்தப் பரிசோதனைச் சீட்டோடு அந்த நோட்டையும் நீட்டினால், மாத்திரையைக் குறைப்பதா, அப்படியே விடுவதா, மனநல டாக்டரிடம் அனுப்புவதா என்று டாக்டர் அங்கேயே முடிவு செய்ய முடியும்.