காலுக்கு வாங்கலாம், வாய்க்கு வாங்கக் கூடாதா?

தேவாரம், கோம்பை, பண்ணைப்புரம் பக்கத்து மக்களுக்குச் சந்தை என்பது ஒரு வாரத்துச் சமையல். மலைக்கு மேலே கேரளத்து ஏலத் தோட்டங்களுக்கு ஜீப்பில் போய்வரும் பெண்களும், கீழே திராட்சை, வாழைத் தோட்டங்களில் கூலி வேலை பார்ப்பவர்களும் சம்பளம் வாங்கியதும் தேடிப் போவது சந்தையைத்தான். கருவாடு, மொச்சை, கம்பு, கேழ்வரகு, காராச்சேவு, சொளகு, கூடை, விளக்குமாறு, அரிவாள், செருப்பு என எல்லாம் அங்கே கிடைக்கும். வாங்குகிற கூட்டத்தில் நம் மக்களுக்குக் குறைவில்லை. விற்கிற இடத்தில் நாம் எங்கே உட்கார்ந்திருக்கிறோம், எதை விற்கிறோம் என்று பார்த்தால்தான் சாதியின் கணக்குப் புரியும்.

மின்மோட்டார் வருவதற்கு முன்பு கிணற்றுப் பாசனம் கமலையை நம்பி இருந்தது. சால் இரும்பில் வந்த பிறகும், தண்ணீரைக் கொட்டும் வால் தோலில்தான் இருந்தது. ஆவாரம் பட்டையில் ஊறவைத்துத் தோலைப் பதப்படுத்தி, ஒழுகாமல் தைத்துக் கொடுத்தவர்கள் அருந்ததியர்கள். அதற்குக் கூலி பணமாக வரவில்லை. அறுவடைக் களத்தில் அளந்து போடும் தானியம்தான் கூலி. எவ்வளவு என்பதை அளக்கிறவர் முடிவு செய்தார். செத்த மாட்டைத் தூக்கியதும், சாவுக்குப் பறையடித்ததும் அதே கணக்கில் அடங்கிப் போயின.

சந்தை இதில் ஒரு சின்ன உடைப்பை ஏற்படுத்தியது. செருப்பைச் சாக்கில் பரப்பி உட்கார்ந்தவர் தன் வேலைக்குத் தானே விலை சொன்னார். கட்டுப்படியாகாவிட்டால் தரமாட்டேன் என்றும் சொன்னார். களத்தில் சொல்ல முடியாத சொல் அது.

பிறகு கமலை போனது. ரப்பர் செருப்பும் பிளாஸ்டிக் கூடையும் வந்தன. பழைய தொழில் போனதற்காக நாம் அழவில்லை. சாதி சுமத்திய வேலையிலிருந்து பிள்ளைகள் வெளியேறுவது நல்லதுதான். அடுத்து எதை விற்பது என்பதுதான் கேள்வி.

குறைந்த முதலில் தொடங்கக்கூடியது சாப்பாட்டுக் கடை. ஒரு அடுப்பு, ஒரு பணியாரச் சட்டி, இரண்டு பாத்திரம் போதும். ஆனால் சுவர் இங்கேதான் நிற்கிறது. செருப்பும் விளக்குமாறும் வாங்கத் தயங்காதவர், வடை வாங்கும்போது "எந்தத் தெரு?" என்று கேட்கிறார். 2018-ல் திருப்பூர் மாவட்டம் அவிநாசி அருகே அருந்ததியப் பெண் ஒருவர் சத்துணவு சமைக்கக் கூடாது என்று பள்ளியிலேயே தகராறு செய்தார்கள். 2023-ல் கரூர் மாவட்டத்தில், காலை உணவைச் சமைத்தவர் தலித் பெண் என்பதற்காகச் சில பெற்றோர் பிள்ளைகளைச் சாப்பிட விடவில்லை. அரசுச் சமையலறைக்கே இந்த நிலை என்றால், சந்தையில் தனியாக அடுப்பு மூட்டும் பெண் என்ன செய்வார்?

இத்தனைக்கும் நம் சாப்பாடு யாருக்கும் கசக்கவில்லை. ஏழைகளின் கூழாக இருந்த கம்பும் கேழ்வரகும், ஐ.நா. சபை 2023-ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்த காலத்தில் பளபளப்பான பாக்கெட்டுக்குள் போயின. கறியை உப்புப் போட்டுக் காயவைத்த உப்புக்கண்டம் ஓட்டல் விலைப்பட்டியலில் இருக்கிறது. பண்டத்துக்கு மரியாதை வந்துவிட்டது. அதைக் காலங்காலமாகச் சமைத்த கைக்கு வரவில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. பொதுச் சாலை, கிணறு, பொதுமக்கள் கூடும் இடங்கள் எல்லோருக்கும் உரியவை என்ற தீர்மானத்தை ரெட்டைமலை சீனிவாசன் சென்னை சட்டமன்றத்தில் கொண்டுவந்தது 1924-ல். நூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. அரசியல் சட்டத்தின் 17-வது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1989-ம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், பட்டியலினத்தவர் தொழிலோ வியாபாரமோ செய்வதைத் தடுப்பதையும் குற்றமாக்கியது. 2014-ம் ஆண்டு தெருவோர வியாபாரிகள் சட்டம், நகர விற்பனைக் குழுவில் வியாபாரிகளின் பிரதிநிதிகள் 40 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது, அதில் மூன்றில் ஒருவர் பெண், பட்டியலினத்தவருக்கும் உரிய இடம் வேண்டும் என்கிறது.

தேவாரம் முதலான பேரூராட்சிகளிடமும் நகராட்சிகளிடமும் நாம் கேட்பது இதைத்தான். குழுவில் நம் வியாபாரிகள் யார் என்பதைப் பலகையில் எழுதிப் போடுங்கள். சந்தைக் கொட்டகைக்குள் மேடைக் கடை ஒதுக்கும்போது, நம் பெண்களின் சாப்பாட்டுக் கடைகளுக்கும் இடம் கொடுங்கள். சுங்கம் வசூலித்தால் ரசீது கொடுங்கள். நம் வியாபாரிகளும் அடையாள அட்டைக்கு எழுதிக் கொடுங்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள், சாதியைச் சொல்லிக் கடையைத் தடுத்தால் காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள்.

சந்தைக்குப் போகும் மற்றவர்களிடமும் ஒன்று கேட்கிறோம். பணியாரம் வெந்திருக்கிறதா, எண்ணெய் புதிதா என்று தாராளமாகக் கேளுங்கள். தெருவைக் கேட்காதீர்கள்.